மூட்டுவலிக்கு மனச்சோர்வு மருந்து எழுதப்பட்டால்

முழங்கால் வலிக்காக எலும்பு டாக்டரிடம் போகிறீர்கள். எக்ஸ்ரே பார்த்துத் தேய்மானம் என்கிறார். சீட்டில் வழக்கமான வலி மாத்திரை, கேஸ் மாத்திரையோடு டுலாக்செட்டின் என்று புதிதாக ஒன்று இருக்கிறது. மருந்துக் கடையில் இருப்பவர், "இது டிப்ரஷனுக்குக் கொடுக்கிறதாச்சே, யாருக்கு?" என்று கேட்கிறார். வீட்டுக்கு வந்ததும் மகளோ மருமகனோ செல்போனில் பெயரைத் தட்டிப் பார்த்து அதையே சொல்கிறார்கள். கால்வலி என்று போனவருக்கு மனநோய் மாத்திரையா என்ற கோபத்தில் அந்த அட்டை பிரிக்கப்படாமலே அலமாரிக்குள் போய்விடுகிறது. அடுத்த முறை டாக்டர் கேட்டால், "சாப்பிட்டேன் சார், கேக்கல" என்று ஒரு பதில்.

இதில் நோயாளியின் குற்றம் குறைவு. ஏன் இந்த மருந்து என்பதை எழுதிக் கொடுக்கும்போதே இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அந்த இரண்டு வாக்கியங்கள்தான் முதலில் விட்டுப்போகின்றன. அவற்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன். படித்து முடித்தபின் அந்த மாத்திரையைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று உங்கள் டாக்டரோடு பேசி நீங்களே முடிவெடுக்க முடியவேண்டும்.

வலியைத் தணிக்கும் பாதை

மூட்டில் எழும் வலிச்செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறுகிறது. அதே நேரத்தில் மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்புகள், தண்டுவடத்திலேயே அந்தச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. கபடி ஆடுகிறவருக்கு முட்டி சிராய்த்தது ஆட்டம் முடிந்த பிறகே எரிகிறது. அதுவரை இந்த இறங்குபாதை அவருக்காக வேலை செய்திருக்கிறது. இந்தப் பாதை பயன்படுத்தும் இரசாயனங்களில் முக்கியமானவை நார்அட்ரினலினும் செரட்டோனினும். மனநிலையைத் தாங்கிப் பிடிப்பதிலும் இவ்விரண்டுக்கும் பங்குண்டு. ஒரே மருந்து வலிக்கும் மனச்சோர்வுக்கும் பயன்படுவது இதனால்தான்.

வலி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நரம்பு மண்டலமே மிகையாக உணரப் பழகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சமாக இருந்தும் கடுமையாக வலிப்பவர்கள் உண்டு. முழங்காலில் தொடங்கிய வலி இடுப்பு, தோள், கழுத்து என்று பரவி, "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பவர்களும் உண்டு. டைக்ளோஃபினாக், ஏசிக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் மூட்டின் அழற்சியைத் தணிப்பவை. நரம்பு மண்டலத்தின் மிகை உணர்வை அவை பெரிதாகத் தொடுவதில்லை. அங்கேதான் மனச்சோர்வு மருந்துகளில் சிலவற்றுக்கு இடம் வருகிறது.

இது நேற்று வந்த யோசனை அல்ல. சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ரோலண்ட் குன், இமிப்ரமின் மனச்சோர்வைத் தணிப்பதை 1957இல் அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே பிரான்சில் அதை வலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வலி குறைகிறது என்பது பிறகு உறுதியானது. முழங்கால் தேய்மான வலிக்கு டுலாக்செட்டினைச் சோதித்த முக்கிய ஆய்வுகளில் மனச்சோர்வு நோய் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. அப்படியும் வலி குறைந்தது. ஆகவே டாக்டர் இந்த மருந்தை எழுதினால், உங்கள் வலி கற்பனை என்று அவர் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எந்த மருந்து, எவ்வளவு எதிர்பார்க்கலாம்

மூட்டுவலியில் ஓரளவு உறுதியான சான்று உள்ள மனச்சோர்வு மருந்து டுலாக்செட்டின் ஒன்றுதான். அமெரிக்காவில் இதற்கு 2004இல் மனச்சோர்வுக்கும் சர்க்கரை நோய் நரம்பு வலிக்கும், 2008இல் உடம்பெங்கும் வலி பரவும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும், 2010இல் முழங்கால் தேய்மானம், நாள்பட்ட இடுப்புவலி போன்ற தசை எலும்பு வலிகளுக்கும் அனுமதி கிடைத்தது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கத்தின் தேய்மான வழிகாட்டுதலும் இதை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது.

இனி, எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள உதவும் கணக்கு. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 176 ஆய்வுகளை, 28,664 பேரின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. பல வகை நாள்பட்ட வலிகள் அதில் அடக்கம். டுலாக்செட்டினுக்கு மட்டுமே நம்பத்தக்க பலன் தெரிந்தது. அதுவும் மிதமான பலன். ஏறக்குறைய ஏழு பேர் சாப்பிட்டால், வெற்று மாத்திரையால் கிடைப்பதற்கு மேல் ஒருவருக்குக் கூடுதலாக வலி பாதியாகக் குறைகிறது. 60 மில்லிகிராமுக்கு மேல் கூட்டியதால் கூடுதல் பலன் இல்லை. நெடுநாள் பலனுக்கு நம்பகமான சான்றும் இல்லை. முழங்கால் தேய்மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், வலியை 100க்கு அளக்கும்போது வெற்று மாத்திரையை விட ஏறத்தாழ 10 புள்ளி குறைகிறது. இது சராசரி. சிலருக்கு நன்றாகவே கேட்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. உங்களுக்கு எப்படி என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. முறையாகச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கருத்தில் இது முதல் மருந்து ஆகாது. தொடைத் தசைக்கான பயிற்சி, நடை, எடைக் குறைப்பு, மேலே தடவும் வலி ஜெல் இவற்றைச் செய்தும் போதாதவர்களுக்கு, வயிற்றுப் புண்ணாலோ சிறுநீரகப் பழுதாலோ வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, வலி உடம்பெங்கும் பரவியவர்களுக்கு, வலியோடு மனமும் தளர்ந்தவர்களுக்கு இது நல்ல தேர்வு. (சிறுநீரகப் பழுது கடுமையாக இருந்தால் இதையும் தவிர்க்க வேண்டும்.)

அமிட்ரிப்டிலின் பழைய மருந்து, விலை மிகக் குறைவு. இரவில் 10 மில்லிகிராம் என்று தொடங்குவார்கள். ஃபைப்ரோமயால்ஜியா, நரம்பு வலி, வலியால் கெட்ட தூக்கம் இவற்றுக்கு உதவலாம்; வெறும் தேய்மான வலிக்குச் சான்று குறைவு. 10, 25 என்ற அளவுகள் மனச்சோர்வைக் குணப்படுத்தப் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், காலையில் மந்தமாக இருக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் ஈசிஜி எடுக்காமல் தொடங்கக் கூடாது. முதியவர்கள் இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது தள்ளாடி விழும் ஆபத்தும் உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இதைக் கூடியவரை தவிர்ப்பதே நல்லது. அளவு மீறினால் உயிருக்கே ஆபத்தான மருந்து இது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "நரம்பு மாத்திரை" என்று நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பதில் ப்ரீகாபலினோடு நார்ட்ரிப்டிலின் சேர்ந்திருக்கலாம். நம் ஊரில் இந்தக் கலவை நிறைய எழுதப்படுகிறது. நார்ட்ரிப்டிலின், அமிட்ரிப்டிலினுக்கு மிக நெருங்கிய மனச்சோர்வு மருந்து. ஒரு டாக்டர் அதையும் இன்னொருவர் அமிட்ரிப்டிலினையோ டுலாக்செட்டினையோ எழுதினால், தெரியாமலே இரட்டிப்பாகச் சாப்பிடுவீர்கள். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளுவாக்செட்டின் ஆகியவை மனச்சோர்வுக்கு நல்ல மருந்துகள். வலியை நேரடியாகக் குறைக்கும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு.

முடக்குவாதம், அதாவது ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வு மருந்து எதுவும் மூட்டு அரிப்பைத் தடுக்காது. மெத்தோட்ரெக்சேட் போன்ற அடிப்படை மருந்து தொடர்ந்தே ஆகவேண்டும். வலி குறைந்ததே என்று அதை விட்டுவிட்டால், வலியில்லாமலே விரல்கள் கோணிப்போகும்.

மனமும் தளர்ந்திருக்கிறதா

முடக்குவாத நோயாளிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 17 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டது. கேள்வித்தாள் வைத்து அளந்தபோது இன்னும் கூடுதல். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கமின்மை வலியைக் கூட்டுகிறது. முடக்குவாதத்தில் இரத்தத்தில் பெருகும் அழற்சிப் பொருள்களே மூளையைத் தொட்டு அசதியையும் மந்தத்தையும் உண்டாக்குகின்றன. முடக்குவாதத்துக்காகக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டும் மனநிலையைக் கலைக்கலாம். வேலைக்குப் போக முடியாமை, கை வலியால் பேரனைத் தூக்க முடியாமை, கல்யாண வீட்டில் கீழே உட்கார முடியாமல் ஒதுங்குதல் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

நம் வீடுகளில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. பசியில்லை, அசதி, எதிலும் பிடிப்பில்லை என்பார்கள். பசியும் அசதியும் மூட்டு நோயாலும் கெடுவதால் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? முன்பு விரும்பிச் செய்தவற்றில், அது கோயிலோ தொலைக்காட்சித் தொடரோ பக்கத்து வீட்டாரோடு பேசுவதோ, இப்போது நாட்டம் போய்விட்டதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "வீட்டுக்குப் பாரமாயிட்டேன்" என்ற பேச்சு வந்தால் அதை வயதானவர்களின் வழக்கமான புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். அது ஒரு நோய்க்குறி.

மனச்சோர்வைக் கவனித்தால் மூட்டுக்கும் பலனுண்டு. அமெரிக்காவில் மூட்டுவாதமும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 1,001 முதியவர்களை வைத்து நடந்து, 2003இல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. ஒரு பிரிவினருக்கு மனச்சோர்வு மருந்தோ, அன்றாடச் சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கப் பழக்கும் ஆலோசனையோ, இரண்டுமோ கிடைத்தன. ஒரு பணியாளர் தொடர்ந்து விசாரித்துக்கொண்டிருந்தார். ஓராண்டு முடிவில் அவர்களுக்கு மனச்சோர்வு மட்டுமின்றி மூட்டுவலியும் அன்றாட முடக்கமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. மாத்திரையை விட, யாரோ ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இதில் பெரும்பங்கு என்று நான் நம்புகிறேன். அதை வீட்டில் இருப்பவர்களும் செய்யலாம்.

தொடங்குமுன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர்களை நினைவிலிருந்து சொல்வதை விட இதுவே பத்திரம். குறிப்பாகக் கவனிக்க வேண்டியது டிரமடால். பாராசிட்டமாலோடு கலந்து வலி மாத்திரையாக இது பரவலாக எழுதப்படுகிறது. டுலாக்செட்டினோடு சேரும்போது இரண்டு கேடுகள்: செரட்டோனின் மிகுந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம், காய்ச்சல் என்று ஆபத்தான நிலை வரலாம், டிரமடாலின் வலி தணிக்கும் ஆற்றலும் குறையும். இரண்டும் ஒரே சீட்டில் இருந்தால் கேட்காமல் வாங்காதீர்கள்.

இரத்தக் கசிவு அடுத்தது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுபவர்களும், வலி மாத்திரையைத் தினமும் போடுபவர்களும் டுலாக்செட்டினைச் சேர்த்தால் வயிற்றில் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. மலம் தார் போலக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பான்டோபிரசோல் போன்ற மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதிலும் பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் போக்கும் மருந்து உள்ளவர்களுக்கு, முதல் சில வாரங்களில் இரத்தத்தில் சோடியம் குறையலாம். தலைவலி, தள்ளாட்டம், பேச்சுக் குழப்பம் என்று தொடங்கும். வீட்டில் இருப்பவர்கள் இதை முதுமையின் மறதி என்று நினைத்துவிடுகிறார்கள். மருந்து தொடங்கி இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் ஒரு சோடியம் பரிசோதனை செய்துகொள்வது பெரிய செலவில்லை. இதைக் கேட்டுப் பெறுங்கள்.

கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதிகமாகக் குடிப்பவர்களுக்கும் டுலாக்செட்டின் கூடாது. வெட்கப்பட்டு மறைத்தால் கல்லீரல்தான் பாதிக்கப்படும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள் ஏற்கெனவே எடுக்கும் கல்லீரல் பரிசோதனையை விடாமல் தொடர வேண்டும். கண்ணில் குறுங்கோண கிளாக்கோமா, கட்டுப்படாத இரத்த அழுத்தம், வலிப்பு இவற்றையும் சொல்ல வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் செலவும் பேச்சுமாக இருந்ததுண்டா என்று கேட்பார்கள். அப்படி இருந்திருந்தால் அது இருமுனை மனநோயாக இருக்கலாம், மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மனநிலை மறுபக்கம் பாய்ந்துவிடும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஜுரம், சிறுநீர்க் கடுப்பு என்று கடையில் கேட்டு வாங்கிப் போடும் சிப்ரோஃப்ளாக்சசின் டுலாக்செட்டினின் அளவை இரத்தத்தில் மிகவும் ஏற்றிவிடலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

முதல் எட்டு வாரம்

டுலாக்செட்டினை முதல் வாரம் 30 மில்லிகிராமில் தொடங்கி 60க்குக் கூட்டுவது வழக்கம். சாப்பாட்டுக்குப் பின் முழுதாக விழுங்குங்கள். உள்ளே இருக்கும் மணிகளின் மேல்பூச்சு வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கிறது; கேப்சூலைத் திறந்து தண்ணீரில் கரைத்தோ மென்றோ சாப்பிட்டால் அது கெட்டுவிடும்.

முதல் வாரம்தான் கடினம். குமட்டல், வாய் உலர்வு, மலச்சிக்கல், வியர்வை, தூக்கக் கலக்கம் வரும். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். மூன்றாம் நாளே அட்டையைத் தூக்கிப் போடுபவர்களில் பலர் இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் தாண்டியிருப்பார்கள். தூக்கம் வந்தால் இரவிலும், தூக்கம் கெட்டால் காலையிலும் சாப்பிடலாம். தாம்பத்திய உறவில் நாட்டம் குறையலாம். இதைச் சொல்லக் கூசித்தான் பலர் மருந்தை மௌனமாக விடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. இரத்த அழுத்தத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதினால் மட்டும் போதாது. மாடிப்படி ஏற முடிந்ததா, பஸ் படியில் கால் வைக்க முடிந்ததா, மாவு பிசைய முடிந்ததா, இரவில் எத்தனை தடவை விழித்தீர்கள் என்று எழுதுங்கள். வலி எண் 7இலிருந்து 6க்குத்தான் இறங்கியிருக்கும். ஆனால் நின்றுபோன காலை நடை திரும்பியிருக்கும். அதுவே உண்மையான பலன். வலி ஓரிரு வாரத்தில் குறையத் தொடங்கலாம். மனச்சோர்வு தெளிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். எட்டு வாரம் முழு அளவில் சாப்பிட்டும் நோட்டில் மாற்றம் தெரியாவிட்டால் அந்த மருந்து உங்களுக்கானது இல்லை. அதையே ஆண்டுக்கணக்கில் தொடர்வதில் பொருளில்லை.

வலி சற்றுத் தணியும் இந்த வாரங்களில்தான் பயிற்சியைக் கூட்ட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பிடிக்கும் எளிய பயிற்சிகூடப் போதும், தினமும் செய்தால். தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கு வருகிறது. நடமாட முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நிறுத்தும்போது

வலி குறைந்துவிட்டது, ஊருக்குப் போகும்போது அட்டையை மறந்துவிட்டோம், காசு தட்டுப்பாடு, இப்படி எந்தக் காரணத்தாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது. தலைச்சுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் சிறு மின்னதிர்ச்சி பாய்வது போன்ற உணர்வு வரும். போதைப் பழக்கம் வேறு, இது வேறு. மருந்து இல்லாத நிலைக்கு உடம்பு மெல்லப் பழக வேண்டும். குறைந்தது இரண்டு வாரம், நெடுநாள் சாப்பிட்டிருந்தால் இன்னும் மெதுவாக, டாக்டர் சொல்லும் படிகளில் குறையுங்கள். மனச்சோர்வுக்காகவும் சாப்பிட்டிருந்தால் மனம் தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். முன்னதாக விட்டால் மீண்டும் வரும். மீந்த மாத்திரையை, அதே வலி இருக்கிறது என்று அக்காவுக்கோ எதிர்வீட்டுக்காரருக்கோ கொடுக்காதீர்கள்.

மருந்து தொடங்கிய முதல் வாரங்களில், குறிப்பாக இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களிடம், தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை எல்லா மனச்சோர்வு மருந்துகளுக்கும் உண்டு. நாள்பட்ட வலியோடு இருக்கும் முதியவர்களுக்கும் அந்த எண்ணம் வருவதுண்டு. "போதும், போய்ச் சேர்ந்தால் நல்லது" என்று அவர்கள் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வையுங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கிறது; தமிழிலேயே பேசலாம்.